காவிரிக் கடைமடை ஏரிகளுக்கு ராம்சர் பலகை வந்துவிட்டது, தண்ணீருக்கு யார் பொறுப்பு?

ஏரிக்கரை எழுதியது:

திருவாரூர், அரியலூர், நாகை, கடலூர் பக்கத்து ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களை நம்பித்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

காவிரி டெல்டாவிலும் அதை ஒட்டியும் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், ஏறியவை ஐந்து. கோடியக்கரை 2002லேயே ஏறியது. அதன்பின் இருபது வருடம் தமிழ்நாட்டில் வேறு எதுவும் சேரவில்லை. 2022ல் பிச்சாவரம், வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் மூன்றும் வந்தன, 2024 ஜனவரியில் கரைவெட்டி. சந்தோஷம்தான். ஆனால் இந்த ஐந்தில் மூன்று நம் முன்னோர் கரை கட்டித் தேக்கிய பாசன ஏரிகள். மேலே ஆற்றில் தண்ணீர் விட்டால்தான் இங்கே ஏரி. விடாவிட்டால் வெடித்த களிமண்ணும் காட்டாமணக்கும்தான்.

உதயமார்த்தாண்டபுரத்தில் ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை ஏரி காய்ந்தே கிடக்கும். அது இயல்பு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரச்சினை மழை குறைந்த வருடங்களில் வருகிறது. ஐப்பசி கார்த்திகையில் வந்து கூடு கட்டும் பறவைக்குத் தை, மாசியில் குஞ்சு வளரும் காலம். அந்த நேரத்தில் தண்ணீர் வற்றினால் மரத்தடியில் நாய் நுழையும், தாய்ப் பறவைக்கு இரை கிடைக்காது, கூட்டை விட்டுவிட்டுப் போய்விடும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். 2007ல் காவிரி நடுவர் மன்றம் ஆற்றின் மொத்த நீரை 740 டிஎம்சி என்று கணக்கிட்டு மாநிலங்களுக்குப் பிரித்தபோது, 10 டிஎம்சியைச் சுற்றுச்சூழலுக்கென்று தனியே எடுத்து வைத்தது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் கர்நாடக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டியதை 192லிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. அப்போதும் இந்தப் பத்தில் கை வைக்கவில்லை. மாத அட்டவணையில் பிப்ரவரி முதல் மே வரை மாதம் இரண்டரை டிஎம்சி என்று இருக்கிறதே, அது இதுதான். ஆனால் மேட்டூரில் பாசனத்துக்கு விடுவது ஜனவரி 28ஓடு முடிந்துவிடுகிறது. ஆற்றுக்கென்று ஒதுக்கிய நீர் அணைவரை வருகிறது, டெல்டாவின் ஈரநிலம்வரை வருவதில்லை.

எவ்வளவு கேட்கிறோம் என்று பாருங்கள். வடுவூர் சுமார் 128 ஹெக்டேர், உதயமார்த்தாண்டபுரம் சுமார் 45, கரைவெட்டி சுமார் 454. மூன்றையும் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நிரப்ப ஏறத்தாழ 63 லட்சம் கன மீட்டர் போதும். ஒரு டிஎம்சி என்பது 2.83 கோடி கன மீட்டர். அதாவது கால் டிஎம்சிகூட வேண்டாம். ஜனவரி 28க்கு முன் இந்த ஏரிகளை நிரப்பிவிட்டுத்தான் அணையை அடைக்க வேண்டும் என்று ஒரு நிரந்தர விதி கேட்போம். உங்கள் கருத்து?

கடைமடை விவசாயி எழுதியது:

ஐயா, கணக்கு காகிதத்தில் சரியாக இருக்கிறது. ஆற்றில் சரியாக வராது.

கால் டிஎம்சியைக் குழாய் போட்டா கொண்டு வரப்போகிறீர்கள்? கல்லணையில் திறந்தால் முதலில் ஆற்று மணல் குடிக்கும், அப்புறம் வாய்க்கால் குடிக்கும், தலைமடைக்காரர் ஷட்டரைத் தூக்குவார், கடைசியாகத்தான் எங்கள் பக்கம். நான் திருத்துறைப்பூண்டி பக்கம். முறை வைத்து விடும்போது எங்கள் முறை வந்தும் தண்ணீர் வராத இரவுகளை நாங்கள்தான் பார்த்திருக்கிறோம். 2023ல் அக்டோபரிலேயே மேட்டூரை அடைத்துவிட்டார்கள். 2024ல் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 போய் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். ஜனவரி கடைசியில் தாளடிக்கு, அதாவது குறுவை அறுத்தபின் நட்ட இரண்டாம் போக நெல்லுக்கு, ஒரு தண்ணீர் கிடைக்காதா என்று நாங்கள் அலைகிற நேரத்தில் ஏரிக்கு நிரப்பச் சொல்கிறீர்கள்.

பறவைமேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. நத்தை குத்தி நாரை வயலில் இறங்கினால் நல்லது என்றுதான் நினைப்போம், நத்தையையும் நண்டையும் பொறுக்கிவிடும். என் பயம் வேறு. ஏரி வனத்துறை கைக்குப் போனால் வண்டல் எடுக்க முடியாது, மாடு இறங்க முடியாது, மதகைத் திறக்க யாரிடமோ போய் நிற்க வேண்டும். பக்கத்து ஊரில் வாய்க்காலில் மண்டிய காட்டாமணக்கை வெட்டுவதற்கே இரண்டு அலுவலகங்களுக்கு நடக்கவிட்டார்கள். ஏரியை வெட்டிய குடும்பத்துப் பிள்ளைகள் அதே ஏரிக்கு அந்நியராகிவிடக் கூடாது.

புதுவரவு எழுதியது:

ஒரு சின்னக் கேள்வி. ராம்சர் என்று அறிவித்தால் வெளிநாட்டிலிருந்து பணம் வருமா? இல்லை பெயர் மட்டும்தானா?

நீதிமன்றத் தெரு எழுதியது:

பணம் தானாக வராது தங்கச்சி. 1971ல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை அது, இந்தியா 1982ல் சேர்ந்தது. அந்த இடத்தின் சூழல் தன்மை கெடாமல் பார்த்துக்கொள்வேன் என்று நாடு கொடுக்கும் உறுதிமொழி. உள்ளூரில் அதற்குப் பல் வேண்டுமென்றால் நம் சட்டம்தான் கொடுக்க வேண்டும்.

அங்கேதான் சிக்கல். கடைமடை அண்ணன் வனத்துறை எல்லா ஏரியையும் எடுத்துக்கொள்ளும் என்று பயப்படுகிறார். நடப்பது நேர்மாறு. 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளைப் படித்துப் பாருங்கள். ஈரநிலம் என்றால் என்ன என்ற விளக்கத்திலேயே ஆற்றுப் படுகை, நெல்வயல், குடிநீருக்காகக் கட்டிய நீர்நிலை, பாசனத்துக்கென்றே கட்டிய அமைப்பு எல்லாவற்றையும் விலக்கி வைத்துவிட்டார்கள். டெல்டாவிலிருந்து இவற்றை எடுத்துவிட்டால் மீதி என்ன? கடலோரச் சேறும் அலையாத்திக் காடும்தான். வடுவூரும் கரைவெட்டியும் தப்பிப்பதற்குக் காரணம், 1999லேயே அவை பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு வன உயிரினச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான சின்ன ஏரி, குளம், தாங்கலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் என்கிறோம். அவற்றில் பெரும்பகுதி நூறு ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ளவை, ஊராட்சி ஒன்றியத்தின் கையில் இருப்பவை. ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் 2007ல் வந்தது. அது அப்போதைய பொதுப்பணித் துறை ஏரிகளுக்கானது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், செயற்கைக்கோள் வரைபடத்தில் இரண்டேகால் ஹெக்டேருக்கு மேல் உள்ள எல்லா ஈரநிலங்களையும் நேரில் போய்ச் சரிபார்த்து எல்லை குறிக்கச் சொன்னது. நாடு முழுக்க 2.31 லட்சம் இடங்கள். உங்கள் ஊர்க் குளம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, அளந்தார்களா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும் என்பதுதான் என் கவலை.

உள்ளான் எழுதியது:

சட்டத்தோடு இன்னொன்றையும் பேசியாக வேண்டும். தூர்வாருதல்.

டெல்டாவில் மேட்டூர் திறப்பதற்கு முன்னால் வருடா வருடம் தூர்வாரும் பணி நடக்கிறது. வாய்க்காலிலும் வடிகாலிலும் அது வேண்டும்தான். வெங்காயத்தாமரை அடைத்தால் கார்த்திகையில் சம்பா மூழ்கும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஏரிக்குள் பொக்லைன் இறங்கும்போது என்ன நடக்கிறது என்று கிட்டே நின்று பாருங்கள். கரையோரம் சாய்வாக இறங்கும் மண்ணைச் செங்குத்தாக வெட்டிவிடுகிறார்கள். ஏரி நடுவே கருவேல மரங்கள் நிற்கும் திட்டுகளை "இடத்தை அடைக்கிறது" என்று இடித்துவிடுகிறார்கள். உள்ளான் பறவைக்கு விரல் ஆழம் வேண்டும், நாரைக்கு முழங்கால் ஆழம், ஊசிவால் வாத்துக்குக் கவிழ்ந்து மேயும் ஆழம். இத்தனையும் ஒரே ஏரியில் கிடைப்பது அந்தச் சாய்வால்தான். சாய்வு போனால் எல்லாக் காலும் நீந்த வேண்டியதுதான். மாடு தண்ணீர் குடிக்க இறங்கி ஏற முடியாமல் தவிப்பதும், பள்ளம் தெரியாமல் பிள்ளைகள் மூழ்குவதும் இதே பள்ளங்களில்தான்.

நத்தை குத்தி நாரையை நீங்கள் சொன்னதால் சேர்த்துச் சொல்கிறேன் ஐயா. அதன் அலகை மூடினாலும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். ஆப்பிள் நத்தையைச் சேற்றில் தடவி எடுத்து, கீழலகின் நுனியை ஓட்டுக்குள் விட்டுச் சதையை மட்டும் இழுத்துவிடும். காலி ஓடு மரத்தடியில் கிடக்கும். இந்தப் பறவை கூடு கட்டுவது வடுவூரில், இரை தேடுவது சுற்று வட்டார வயலிலும் குட்டையிலும். அதனால் பலகை வைத்த ஏரியை மட்டும் காப்பாற்றினால் கூடு இருக்கும், சோறு இருக்காது.

மீன்பாசி குத்தகையையும் சேர்த்துப் பேசுங்கள். சரணாலயத்துக்கு வெளியே உள்ள ஏரிகளில் ஏலம் எடுத்தவர் மாசி, பங்குனியில் மதகைத் திறந்து கடைசிச் சொட்டுவரை வடித்துவிட்டு மீன் அள்ளுவார். அது பாசனத்துக்கும் போகாது, ஆட்டுக்கும் மாட்டுக்கும் கிடைக்காது.

கடைமடை விவசாயி எழுதியது:

இதை நான் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஊர்ப் பெரிய குளத்தில் இதுதான் நடந்தது. குத்தகைக்காரர் இரவோடு இரவாக வடித்தார், மறுநாள் மாட்டுக்குத் தண்ணீர் இல்லை. கேட்டால் ஏலத் தொகை கட்டியாயிற்று என்றார்.

தில்லைவனம் எழுதியது:

ஏரியைப் பற்றியே பேசுகிறீர்கள், ஆறு கடலைத் தொடும் இடத்தைப் பற்றியும் கொஞ்சம் பேசலாமா? நான் சிதம்பரத்துப் பெண், பிச்சாவரம் எங்களுக்குப் பக்கம்.

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரே இந்தக் காட்டு மரத்தால் வந்தது. கோயிலின் தலமரம் தில்லை. இன்றைக்கு ஊருக்குள் தேடினால் கிடைக்காது, பிச்சாவரம் பக்கம் போனால்தான் பார்க்கலாம். ஒரு கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும், கண்ணில் பட்டால் பார்வையே போகும் என்று எங்கள் பாட்டி தொடவிட மாட்டார். கருவறையில் வணங்கும் பெயருக்குச் சொந்தமான மரம் சேற்றில் நின்று உப்போடு போராடுகிறது என்பது எனக்குப் பெரிய விஷயம். சுற்றுலாப் படகில் வருகிறவர்களில் பத்தில் ஒருவருக்காவது இது தெரிந்தால் காட்டை வேறு மாதிரி பார்ப்பார்கள்.

இந்தக் காடு எப்படிக் கெட்டது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து விறகுக்காகப் பாத்தி பாத்தியாக மொட்டை அடித்தார்கள். மரம் போன இடத்தில் சேறு வெயிலில் காய்ந்து அமுங்கியது, தொட்டிபோல் பள்ளமானது. அதில் ஏறிய கடல்நீர் இறங்க வழியில்லாமல் தேங்கி ஆவியாகி, உப்பு ஏறி, மறுபடி ஒரு செடியும் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இருபக்கமும் சாய்வாகக் கிளைகள். ஏற்றத்தில் நீர் உள்ளே போகும், வற்றத்தில் வெளியே வரும். உப்பு குறைந்தது, நட்ட வெண்கண்டல் பிடித்தது. 2004ல் ஆழிப்பேரலை வந்தபோது காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

வாய்க்கால் வெட்டியது பாதி வேலைதான். கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் நன்னீர் வந்தால்தான் மீதி. இங்கே இருளர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். ஆற்று நீர் வந்து உப்பு இளகும் மாதங்களில்தான் அவர்களுக்கு நல்ல பாடு. படகு இல்லை, வலை இல்லை, பட்டா இல்லை. ஈரநிலப் பாதுகாப்புக் கூட்டம் என்றால் அவர்களை யாரும் கூப்பிடுவதும் இல்லை. ஏரிக்கரை அவர்களே, உங்கள் பத்து டிஎம்சிக் கணக்கில் பிச்சாவரத்துக்கு ஒரு பங்கு எழுதிக்கொள்ளுங்கள்.

மணல்மேடு எழுதியது:

அக்கா சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வெள்ளத்தின்போதும் "கொள்ளிடத்தில் இத்தனை டிஎம்சி கடலில் வீணாகக் கலந்தது" என்று செய்தி போடுகிறார்கள். அந்த வார்த்தை எனக்கு வயிற்றெரிச்சல். முகத்துவாரத்தில் வண்டல் கொட்டுவதும், கழிமுகத்து உப்பைக் கழுவுவதும், மீன் குஞ்சு ஆற்றுக்குள் ஏறுவதும் அந்த நீரால்தான். முத்துப்பேட்டையில் பாமணியாறும் கோரையாறும் காயலுக்குள் கொண்டுவரும் நன்னீரை நம்பித்தான் அலையாத்திக் காடும், அதற்குள் வாய்க்கால் வெட்டி மீன் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் காட்டைச் சாய்த்துப் போட்டது. திரும்ப எழ அதற்கும் ஆற்று நீர்தான் வேண்டும்.

அடுத்தது மணல். கொள்ளிடப் படுகையை ஆள் ஆழத்துக்குத் தோண்டிவிட்டால் கடல் உள்ளே வராமல் என்ன செய்யும்? 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போயின. 1830களில் கட்டிய அணை, வயதும் காரணம்தான், படுகை கீழே இறங்கியதையும் மறக்க முடியாது. ஆறு பள்ளமானால் பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் ஏறாது, வாய்க்கால் ஏறாவிட்டால் ஏரி நிரம்பாது. நீங்கள் எத்தனை விதி போட்டாலும் சரி.

கடைமடை விவசாயி எழுதியது:

மணல் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ஆனால் கடலுக்குப் போகிற நீரைப் பற்றி ஒரு வார்த்தை. கொள்ளிடக் கரையில் ஆழ்துளைக் கிணற்றில் உப்பு ஏறிக் குடிநீருக்கே லாரியைப் பார்க்கிறவர்கள் கதவணை கேட்கிறார்கள். ஆதனூர், குமாரமங்கலம் கதவணை அப்படித்தான் வந்தது. அதைத் தப்பு என்று சொல்வீர்களா?

மணல்மேடு எழுதியது:

தப்பு என்று சொல்ல மாட்டேன் அண்ணே. உப்புத் தண்ணீர் குடிக்கிறவரிடம் போய்க் கழிமுகத்தைப் பற்றிப் பாடம் நடத்தக் கூடாது. கதவணை இருக்கட்டும். ஆனால் அதைத் திறந்து மூடும் அட்டவணையில் கீழே உள்ள காட்டுக்கும் இருளருக்கும் இவ்வளவு என்று எழுதி வைக்க வேண்டும். இப்போது வெள்ளம் மிஞ்சினால் திறப்பது, மிஞ்சாவிட்டால் மூடுவது என்பதாகத்தான் எனக்குத் தெரிகிறது.

இதே கடற்கரையில்தான் இறால் பண்ணைகளை எதிர்த்து சர்வோதயத் தலைவர்களான ஜெகந்நாதன் ஐயாவும் கிருஷ்ணம்மாள் அம்மாவும் போராடினார்கள். ஜெகந்நாதன் ஐயா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. உழவர் நிலத்துக்காகக் கிளம்பிய போராட்டம், சதுப்பு நிலத்தையும் சேர்த்தே காத்தது. விவசாயிக்கு ஒரு பக்கம், பறவைக்கு ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஏரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடைமடை ஐயா சொன்ன நீரிழப்பு சரியான வாதம். அதனால்தான் பிப்ரவரியில் காய்ந்த ஆற்றில் புதிதாகத் திறக்கச் சொல்லவில்லை. டிசம்பர், ஜனவரியில் ஆறும் வாய்க்காலும் ஈரமாக இருக்கும்போதே, பாசன முறையோடு சேர்த்து ஏரிக்கும் ஒரு முறை வைத்தால் தனியாக இழப்பு அதிகம் வராது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருடத்தில் ஒரு சொட்டுகூட ஆற்றிலிருந்து வேண்டாம், வரத்து வாய்க்கால் அடைபடாமல் இருந்தாலே போதும். வறண்ட வருடத்துக்குத்தான் இந்த விதி. அப்படி நிரப்பிய நீர் நிலத்தடியில் இறங்கி உங்கள் கோடைக் கிணற்றுக்கும் வரும்.

வனத்துறை பயத்துக்கு என் பதில் இது. சரணாலயம் ஆகாத ஏரிகளைச் சரணாலயம் ஆக்கச் சொல்லவே வேண்டாம். அவை ஊரின் கையிலேயே இருக்கட்டும். வேதாரண்யத்திலிருந்து அரியலூர்வரை ஐயனார் கோயில் இல்லாத ஏரிக்கரை அபூர்வம். கரையைக் காப்பது சாமி காரியமாகவும் இருந்ததால்தான் இத்தனை நூற்றாண்டு நின்றது. வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரம் என்று கண்ட ஊர்க்காரர்கள், சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1790களிலேயே பாதுகாப்பு கேட்டு வாங்கினார்கள். நமக்கும் அந்த வழிதான் சரிப்படும்.

கடைமடை விவசாயி எழுதியது:

சரி, அப்படியென்றால் பேசலாம். மூன்று விஷயம் எனக்கு உறுதியாக வேண்டும். ஏரிக்கு முறை வைத்தாலும் தாளடி தண்ணீரில் கை வைக்கக் கூடாது. அளவோடு வண்டல் எடுக்கவும் மாடு இறங்கவும் தடை வரக் கூடாது. மீன்பாசி ஏலத்தில், மதகு மட்டத்துக்குக் கீழே இத்தனை அடிவரை தண்ணீரை வடிக்கக் கூடாது என்று எழுத்தில் வர வேண்டும். கடைசியாகச் சொன்னது ஒன்று நடந்தாலே எங்கள் ஊரில் பாதிப் பேர் உங்களோடு வருவார்கள்.

உள்ளான் எழுதியது:

அதோடு, திட்டையும் கரையோரச் சாய்வையும் இடிக்காமல் தூர்வார வேண்டும் என்பதையும் சேருங்கள். வண்டல் எடுப்பவர்கள் நடுப்பள்ளத்தில் எடுத்தால் இரண்டும் நடக்கும்.

நீதிமன்றத் தெரு எழுதியது:

இவ்வளவும் தீர்மானமாக எழுதலாம். அக்டோபர் 2 கிராம சபையில் வையுங்கள். நான் சொல்கிறபடி எழுதிப் பாருங்கள், ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

"எங்கள் ஊராட்சி எல்லைக்குள் இன்ன புல எண்ணில் உள்ள ஏரியையும் அதன் வரத்து, போக்கு வாய்க்கால்களையும் நேரில் அளந்து எல்லைக்கல் நட வேண்டும். மீன்பாசி குத்தகை உத்தரவில் குறைந்தபட்ச நீர்மட்டம் குறிப்பிட வேண்டும். தூர்வாரும்போது ஏரியின் திட்டுகளையும் கரைச் சாய்வையும் கலைக்கக் கூடாது. அணை மூடுமுன் ஏரிக்கு ஒரு முறை நீர் வழங்க நீர்வளத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம். மேய்ச்சல், வண்டல் எடுத்தல் ஆகிய ஊர் உரிமைகள் தொடர வேண்டும்."

புல எண்ணைத் தப்பாகப் போடாதீர்கள், அதை வைத்தே தீர்மானத்தை ஓரம் கட்டிவிடுவார்கள். 'அ' பதிவேடும் புலப்படமும் இ-சேவை தளத்திலேயே எடுக்கலாம். வாய்க்கால் பல இடத்தில் தனிப் புல எண்ணில் இருக்கும், அதையும் விடாமல் எழுதுங்கள். நகலை மாவட்ட ஆட்சியருக்கும் மாநில ஈரநில ஆணையத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

தில்லைவனம் எழுதியது:

எங்கள் பக்கம் தீர்மானத்தில் இருளர் குடியிருப்பின் பெயரையும் அவர்கள் இறால் பிடிக்கும் கால்வாய்களையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன். கூட்டத்துக்கு அவர்களையே அழைத்துப் போகிறோம்.

கடைமடை விவசாயி எழுதியது:

எங்கள் குளத்துக்குப் புல எண் எடுத்துவிட்டேன். வரத்து வாய்க்காலில் ஒரு துண்டு, பதிவேட்டில் வாய்க்கால் என்று இருக்கிறது, தரையில் தென்னந்தோப்பாக இருக்கிறது. அதை எப்படி எழுதுவது?

நீதிமன்றத் தெரு எழுதியது:

பதிவேட்டில் உள்ளபடியே எழுதுங்கள் அண்ணே. தோப்பு யாருடையது என்று தீர்மானத்தில் வேண்டாம். அளக்க வந்தால் கல் எங்கே விழுகிறதோ அது பேசும்.

கடைமடை விவசாயி எழுதியது:

அது என் சித்தப்பா தோப்பு. பரவாயில்லை, நானே போய் முதலில் அவரிடம் பேசிவிட்டு வருகிறேன்.